ஐம்பத்தாறு சோப்புக் கட்டிகள்

மூன்று நாளாய்ப் பெய்த மழையில் சோப்புகளுக்கு வேர்த்திருந்தது. ஈரக் காற்று பட்டால் அப்படித்தான். கட்டியின் மேல் பொடிப்பொடியாக நீர் கோத்து நிற்கும். காலையில் எழுந்ததும் ஒரு பருத்தித் துணியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் ஒவ்வொரு கட்டியாக ஒற்றி எடுப்பது சோப்புக்காரம்மாவின் முதல் வேலை. துடைக்கக் கூடாது. துடைத்தால் மேல் வழவழப்பு போய்விடும்.

பின்கட்டு என்றால் பெரிய இடமில்லை. யாரோ முன்பு வண்டி நிறுத்திவைத்த தகரக்கூரை அறை. சுவரோரம் மர அடுக்குகள், அடுக்குகளில் தட்டுகள், தட்டுக்கு அறுபது கட்டி. காய்ச்சி அச்சில் ஊற்றி வெட்டிய சோப்பை உடனே விற்க முடியாது. வாரக்கணக்கில் காற்றில் ஆறி இறுக வேண்டும். எந்தத் தட்டு என்றைக்கு வெட்டியது என்பதை அவள் தட்டின் விளிம்பில் சாக்பீஸால் எழுதிவைப்பாள். தப்பாய்ப் போன தட்டுக்கு ஒரு பெருக்கல் குறி. அதை விற்கக் கூடாது, சீவி உருக்கி மறுபடி காய்ச்ச வேண்டும் என்று அர்த்தம்.

இந்தத் தொழிலை அவளும் கணவரும் ஆரம்பித்து ஏழு வருஷம். ஒரு வாளியில் ஆரம்பித்தது. யாரிடமும் கை நீட்டவில்லை. சோப்பு விற்ற காசில் எண்ணெய், அந்த எண்ணெயில் சோப்பு. இரண்டாவது வாளி வாங்கப் பதினாலு மாதம் ஆனது. கட்டி வெட்டும் கம்பிச் சட்டத்தை அவரே ஒரு பழைய கட்டில் காலில் செய்துகொண்டார். பார்க்கிறவர்களுக்கு இது ஆமை வேகம். ஆனால் வீட்டில் அடுப்பு அணையவில்லை. அதற்காகச் சோப்புக்காரம்மா தினமும் கண்ணை மூடிக் கடவுளுக்கு ஒரு நிமிஷம் நன்றி சொல்வாள். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் எதையும் கேட்டதில்லை.

அன்றைக்கு மட்டும் கேட்டாள். ஏனென்றால் சாயங்காலம் நாலு மணிக்குக் கிடங்கு முதலாளி வருகிறார்.

அவர் மூன்று குளிர்கிடங்குகளுக்குச் சொந்தக்காரர். தன் வீட்டில் யாரோ வாங்கி வந்த சோப்பைப் பார்த்துவிட்டு அவராகவே தேடி வந்தவர். பெரிய கூடம் எடுத்துத் தருகிறேன், கலக்குகிற இயந்திரம் வாங்கித் தருகிறேன், ஊர் ஊராய்க் கொண்டுபோகலாம், பாதிப் பங்கு எனக்கு என்றார். சோப்புக்காரருக்கு ஆறு மாதமாய் அதே கனவு. எண்ணெய் டின் தூக்கித் தூக்கி அவருக்கு இடது தோள் இறங்கிவிட்டது. அவளுக்குப் பயம்தான். இருந்தாலும் அந்தத் தோளைப் பார்த்துவிட்டு, சரிங்க, கையெழுத்துப் போடலாம் என்று சொல்லியிருந்தாள்.

தன் அம்மாவின் முட்டி வைத்தியத்துக்காகப் போயிருந்தவள் முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். மூன்று நாள் கழித்துப் பின்கட்டுக்குள் வந்தவளுக்கு அது வேறு யார் இடமோ போலிருந்தது. தரை பளபளவென்று இருந்தது. அடுக்குகளைக் கழுவியிருந்தார்கள். தட்டு விளிம்புகளில் ஒரு எழுத்து இல்லை.

அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"அண்ணி! இங்க கொஞ்சம் வாங்களேன்."

சோப்புக்காரரின் அக்கா மாவு படிந்த கையோடு வந்தாள். கணவர் போனபிறகு தம்பி வீட்டோடு இருப்பவள். சோப்புக்குத் தாள் சுற்றுவதில் அவள் கைக்கு ஈடு கிடையாது.

"என்னம்மாடி, எப்படி இருக்கு? இடுப்பு ஒடிஞ்சு போச்சு. பணக்காரன் வர்ற இடமாச்சேன்னு தேய்ச்சு எடுத்துட்டேன்."

"ரொம்ப நல்லா இருக்கு அண்ணி. பெருக்கல் குறி போட்ட தட்டு ஒண்ணு இருந்துச்சே, கீழ் அடுக்குல. அது எங்க?"

"குறியெல்லாம் துடைச்சாச்சு. தம்பிதான், சுவத்துல பிள்ளைங்க கிறுக்கின மாதிரி இருக்கு, துடைச்சிடுக்கான்னான்."

"கீழ் அடுக்குல இருந்த தட்டை என்ன பண்ணீங்க?"

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நல்லா இறுகி வெள்ளையா இருந்துச்சே... அதைத்தான் முதல்ல சுத்தினேன். நேத்தைக்கு முதல் நாள் தம்பி கடைங்களுக்குப் போட்டுட்டு வந்தான். நாலு கட்டிதான் மிச்சம். தாள் தீர்ந்து போச்சுன்னு அங்க வச்சேன்."

ஜன்னல் ஓரத்தில் நாலு கட்டிகள் இருந்தன. சோப்புக்காரம்மா ஒன்றை எடுத்து நாக்கு நுனியால் தொட்டாள். சோப்புக் காய்ச்சுகிறவர்களுக்கு இதைவிட நம்பகமான சோதனை இல்லை. நல்ல சோப்பு நாக்கில் வெறும் சோப்பாக இருக்கும். காரம் மிஞ்சிய சோப்பு மின்சாரம் போலச் சுரீரென்று கடிக்கும்.

அவள் தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஐயோ," என்றாள் அக்கா. "நான் என்ன பண்ணிட்டேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல அண்ணி. ஒரு ஈரத்துணிக்கு அழியற மாதிரி எழுதி வச்சது நான். அழாதீங்க. அவரைக் கூப்பிடுங்க."

சோப்புக்காரர் பாதி முகத்தில் நுரையோடு வந்தார். மேல் சட்டை இல்லை. இஸ்திரி போட்ட சட்டை நாற்காலி முதுகில் காத்துக்கொண்டிருந்தது. மனைவி நீட்டிய கட்டியை வாங்கி அவரும் நாக்கில் வைத்தார். அந்தக் கலவை அவர் கையால் ஆனது. காஸ்டிக் சோடாக் கரைசலை அளந்து ஊற்றி, எண்ணெயை ஜக்கு ஜக்காகச் சேர்த்துக்கொண்டிருந்தபோது கிடங்கு முதலாளியின் போன் வந்தது. பேசிவிட்டு வந்தவர் ஒரு ஜக்கு எண்ணெயை மறந்துவிட்டார். எண்ணெய் குறைந்தால் அந்தக் காரம், தின்ன எதுவும் இல்லாமல், சோப்பிலேயே உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் அதைக் கண்டுபிடித்துக் குறி போட்டது அவள். குறியைத் துடைக்கச் சொன்னது அவர்.

"அந்தத் தட்டை நீ ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே எடுத்து உருக்கிட்டேன்னு நினைச்சேன்," என்றார் மெதுவாக.

"வந்து உருக்கலாம்னு வச்சுட்டுப் போனேன்."

"எத்தனை போயிருக்கு?"

"அறுபதுல நாலு இங்க. ஐம்பத்தாறு."

தகரத்தின் மேல் மழை வலுத்தது. அவர் முகத்து நுரையைத் தோள் துண்டால் வழித்துக்கொண்டார்.

"இப்ப மணி ஒன்பது. நாலு மணிக்கு அவர் வர்றார். நாளைக்குக் காலைல முதல் வேலையா நானே போய் எல்லாத்தையும்..."

"நாளைக்குள்ள யாராவது குளிச்சுடுவாங்க."

"எல்லாரும் இன்னிக்கேவா பிரிப்பாங்க?"

"ஒருத்தர் பிரிச்சாப் போதுங்க."

"கடை கடையாப் போய் எங்க சோப்பு கெட்டதுன்னு நாமளே சொன்னா அது எங்க போய் நிக்கும் தெரியுமா? இன்னிக்கு ஒரு நாள்... ஏழு வருஷத்துல எனக்கு இந்த ஒரே ஒரு நாள்தான்."

அவள் மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். அது அவருடையது. கை நீளம் அதிகம். மடித்து மடித்து விட்டாள். மூலையில் கிடந்த பிளாஸ்டிக் கூடையை எடுத்தாள்.

"நீங்க இருங்க. அவர் வந்தா நான் வெளிய போயிருக்கேன்னு சொல்லுங்க. நான் பஸ்ல போறேன்."

"மூணு கடைக்கும் பஸ்லயா? அந்தக் கூடையோடயா?" என்றார். கோபம்தான். ஆனால் சொல்லிக்கொண்டே வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார். "அக்கா, என் இன்னொரு மழைக்கோட்டு எங்க?"

"அவ போட்டிருக்கறதுதான்டா ஒண்ணே ஒண்ணு."

அவர் நனைந்துகொண்டுதான் போனார்.

முதல் கடை மளிகைக் கடை. கடைக்காரர் தடித்த மனிதர், எழுந்து நிற்பதே அபூர்வம். விஷயத்தைக் கேட்டதும் எழுந்துவிட்டார்.

"இருபத்துநாலும் அப்படியே இருக்கு. மழையில ஜனம் குளிக்கறதையே விட்டுடுச்சு போல. எடுத்துக்குங்க." பெட்டியைத் தானே தூக்கி வந்து வண்டியில் வைத்தார். "ஒண்ணு கேக்கறேன். நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுங்க," என்றாள் அவள்.

"அதான் பயமா இருக்கு. தெரியாம எவனெவன் என்னென்ன குடுத்துட்டுப் போறானோ!" என்று சிரித்தார். இவர்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது மருந்துக் கடை. பன்னிரண்டில் ஒன்பது இருந்தது. மருந்துக்கடைக்கார அம்மாள் சிடுசிடுப்புக்குப் பேர் போனவள். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"மருந்துக் கடையில வந்து தோல் எரியற சோப்பை வச்சிருக்கீங்க. நல்ல வியாபாரம். களிம்பும் நானே விக்கலாம்னா?"

"தப்புத்தாம்மா," என்றார் சோப்புக்காரர்.

"தப்புன்னு நின்னா ஆச்சா? உக்காருங்க அங்க. தலை துவட்டுங்க." ஒரு துண்டை அவர் மேல் வீசினாள். பிறகு போனை எடுத்து வாங்கிய மூன்று பேரையும் வரிசையாகக் கூப்பிட்டாள். மூவரும் வாடிக்கைக்காரர்கள். ஒருவர் பிரித்து ஒரு தடவை கை கழுவியிருந்தார், எரிந்ததாம், எடுத்து வைத்துவிட்டாராம். மூன்று வீட்டுக்கும் வண்டியில் போய் வாங்கிக்கொள்ளும்போது மணி ஒன்று.

மூன்றாவது கடை பஸ் நிலையத்து முகப்பில். சீப்பு, கண்ணாடி, பூட்டு, சோப்பு என்று எல்லாம் தொங்குகிற கடை. இருபதில் பதினாலு இருந்தது. மீதி ஆறு?

"பஸ் ஏற வர்றவன்லாம் எனக்கு மாமனா மச்சானா?" என்றான் கடைக்காரன். "வந்தான், வாங்கினான், போனான். எங்கன்னு தேடுவேன்?"

"ஒருத்தரைக்கூடத் தெரியாதாண்ணே?" என்றாள் அவள்.

"தெரியாதும்மா. வேணும்னா அட்டையில எழுதித் தொங்கவிட்டுட்டுப் போ. திரும்பி வந்தா பார்ப்பாங்க. உன் பேரை நீயே கெடுத்துக்கறேன்னா எனக்கென்ன."

அவனே ஒரு பெட்டியைக் கிழித்து அட்டையும் மை பேனாவும் கொடுத்தான். அவள் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'இந்தக் கடையில் எங்கள் சோப்பு வாங்கியவர்கள் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம். தோல் எரியும். தவறு எங்களுடையது. கூப்பிட்டால் நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம்.' கீழே சோப்பின் பேர், போன் எண். கடை முகப்பில் கட்டித் தொங்கவிட்டாள்.

சோப்புக்காரர் சற்றுத் தள்ளி நின்று கிடங்கு முதலாளிக்குப் போன் போட்டார். கொஞ்சம் தாமதமாகும் என்று மட்டும் சொல்லத்தான் நினைத்தார். ஏன் என்று அவர் கேட்டதும் பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அந்தப் பக்கத்துக் குரல் கனிவாகவே இருந்தது. "திரும்ப வாங்கறது சரிதான் தம்பி. நானா இருந்தாலும் வாங்குவேன். ஆனா ஓசைப்படாம வாங்கணும். அட்டை எதுக்கு? இதே பேர்லதான நாளைக்கு ஊர் பூரா விக்கப்போறோம்? தோல் எரியும்னு நடு பஸ் நிலையத்துல எழுதித் தொங்கவிட்டா அப்புறம் எவன் வாங்குவான்? முதல்ல அதைக் கழட்டுங்க. நாலு மணிக்கு வர்றேன்."

"ஆறு கட்டிங்க. யார் கையில இருக்குன்னே தெரியல. அட்டை இல்லாம அவங்களுக்கு எப்படி..."

"கொஞ்சம் எரியும். தண்ணி ஊத்திக் கழுவிடுவாங்க. செத்தா போயிடப்போறாங்க?"

சோப்புக்காரர் திரும்பிப் பார்த்தார். சாரல் பட்டு அட்டையில் மை இறங்கத் தொடங்கியிருந்தது. மனைவி முந்தானையால் அதை மறைத்துக்கொண்டு நின்றாள். என்ன பேச்சு நடக்கிறது என்று அவர் முகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள்.

ஏழு வருஷத்து எண்ணெய் டின்களும் அந்த நிமிஷம் அவர் இடது தோளில் உட்கார்ந்திருந்தன. அவர் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். வண்டி இருக்கைக்கு மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றினார். நடந்துபோய் அதை அட்டையின் மேல் போர்த்தி, நாலு மூலையையும் இழுத்துக் கட்டினார்.

"கழட்ட முடியாதுங்க," என்றார்.

"அவசரப்படாதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சுங்க."

"எனக்குக் கோபமில்ல தம்பி. உங்க மேல மரியாதைதான். ஆனா என் பணத்தை இப்படி ஒரு இடத்துல போட எனக்குத் தைரியம் இல்ல. நல்லா இருங்க."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

கடைக்காரன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். தொண்டையைச் செருமினான். "அம்மா... ஒருத்தரை எனக்குத் தெரியும். சொன்னா என் கடைக்குப் பேர் கெட்டுடும்னு சொல்லல. பஸ் டிப்போவுல கூட்டித் துடைக்கற அம்மா. ரெண்டு வாங்கிச்சு. தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கு, குளிப்பாட்டன்னு சொல்லி வாங்கிச்சு."

அவன் சொல்லி முடிக்கும் முன் இருவரும் வண்டியில் இருந்தார்கள்.

டிப்போவுக்குப் பின்னால் வரிசை வீடுகள். நாலு கதவு தட்டிக் கேட்டு ஐந்தாவது கதவுக்கு வந்தார்கள். உள்ளே குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். இரண்டு கைகளிலும் ஈரத்துணி சுற்றியிருந்தது.

"குழந்தை... குழந்தையைக் குளிப்பாட்டிட்டீங்களா?" வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டாள் சோப்புக்காரம்மா. "அந்தச் சோப்பு... நாங்கதான் அது..."

"நீங்கதானா அது?" என்றாள் அவள். "வாங்க, உள்ள வாங்க. நேத்துலேர்ந்து திட்டறதுக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்கேன்."

"குழந்தை?"

"பசிக்கு அழுவுது. தங்கச்சி இப்பதான் எடுத்தா. புதுசா என்ன சோப்பு வந்தாலும் முதல்ல அவன் துணியைத்தான் துவைப்பேன். துணிக்கு ஒத்துக்கிட்டாதான் உடம்புக்கு. நேத்து ஒரு மணி நேரம் குத்த வச்சுத் துவைச்சேன். பாருங்க, என் கையைப் பாருங்க!"

துணியை விலக்கினாள். உள்ளங்கைகள் வெந்து சிவந்து, விரலிடுக்கில் தோல் உரிந்திருந்தது. உள்ளே அழுகை நின்று, குழந்தை பால் குடிக்கிற சத்தம் கேட்டது. சோப்புக்காரம்மா அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சின்னஞ்சிறு உடம்பின் மேல் விழ இருந்ததை இந்தக் கைகள் வாங்கிக்கொண்டன. யார் சொல்லிக் கொடுத்து அவள் துணியை முதலில் துவைத்தாள்? கடவுள் ஊரில் இப்படிச் சில பேரைப் போட்டுவைக்கிறார். அவர்களுக்கே அது தெரியாது.

"இப்ப நீங்க அழுதா நான் எப்படித் திட்டறது?" என்றாள் டிப்போ அம்மா.

வண்டியில் உட்காரவைத்து மருந்துக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். மருந்துக்கடைக்கார அம்மாள் கையைப் பார்த்ததும் பக்கத்து டாக்டரிடம் தானே அழைத்துப் போனாள். களிம்பு போட்டுக் கட்டினார்கள். நாலு நாள் தண்ணீர் படக்கூடாது என்றார் டாக்டர்.

"நாலு நாளா?" டிப்போ அம்மாவின் முகம் அப்போதுதான் விழுந்தது. "ஒரு நாள் வரலன்னாலே மேஸ்திரி வேற ஆளைப் போட்டுடுவான். அப்புறம் உள்ள நுழைய முடியாது."

சோப்புக்காரரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எத்தனை மணிக்குப் போகணும்?" என்றார் அவர்.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்குப் பஸ் டிப்போவில் அவர் வாளியும் துடைப்பானும் வைத்துக்கொண்டு நின்றார். அவள் கூட்டினாள், அவர் துடைத்தார். டிப்போ அம்மா கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து மேற்பார்வை செய்தாள்.

"பிழிஞ்சு துடைங்க சார். இப்படிக் குளம் கட்டினா டிரைவர் வழுக்கி விழுவான். சோப்புக் காய்ச்சறவருக்குத் தரை துடைக்கத் தெரியல, என்ன கூத்து இது?"

மேஸ்திரி வந்து இவர்கள் யார் என்று கேட்டபோது, "என் தம்பியும் அவன் சம்சாரமும்," என்றாள் யோசிக்காமல்.

மூன்று பேர் அட்டையைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருவர் திட்டினார். ஒருவர் வீட்டு முகவரியை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஒருவர், பரவாயில்லை, நானே கடையில் கொடுத்துவிட்டேன் என்றார். திரும்பி வந்த கட்டிகளைச் சீவுவது அக்காவின் வேலையாயிற்று. சீவி முடித்த கையோடு, கீழ் அடுக்குத் தட்டு ஒன்றின் விளிம்பில் காய்கறிக் கத்தியால் ஆழமாக ஒரு பெருக்கல் குறி செதுக்கினாள். "இனி எந்தப் பணக்காரன் வந்தாலும் இதைத் துடைக்க முடியாது," என்றாள். அந்த வாரம் புதுச் சோப்புக்கு எண்ணெய் வாங்கக் கையில் இருந்தது ஒரு வாளிக்குத்தான். சோப்புக்காரர் ஒரு வாளி காய்ச்சினார். போனை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்து, ஜக்குகளை வாய்விட்டு எண்ணி எண்ணி ஊற்றினார்.

ஆனால் ஒரு கட்டி வரவில்லை. ஐம்பத்தாறில் ஐம்பத்தைந்துதான். யார் கையில் அது? எந்த ஊர்ப் பஸ்ஸில் போனது? சோப்புக்காரம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்தாள். எண்ணெய்க்காரராக இருக்கும், அம்மாவாக இருக்கும்.

நாலாம் நாள் காலை டிப்போ படிக்கட்டைக் கூட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு எடுத்தாள். நடுத்தர வயதுப் பெண் குரல், பின்னால் பஸ் இரைச்சல்.

"பஸ் நிலையத்துல அட்டை பார்த்தேங்க. போன வாரம் அந்தக் கடையில ஒரு சோப்பு வாங்கினேன்."

"போட்டுக் குளிச்சிட்டீங்களாம்மா?" என்றாள் சோப்புக்காரம்மா. படிக்கட்டின் கீழே சோப்புக்காரர் துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"குளிக்கறதா? இல்லங்க. வாசனை அவ்வளவு நல்லா இருந்துச்சு. தாளைக்கூடப் பிரிக்காம பீரோவுல புடவைக்கு நடுவுல வச்சிருக்கேன். தினம் ஒரு தடவை திறந்து மோந்து பார்த்துட்டு மூடறேன்." குரல் தயங்கியது. "அதைத் திருப்பிக் குடுத்தே ஆகணுங்களா?"

சோப்புக்காரம்மா படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கீழே நின்ற கணவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையை மட்டும் ஆட்டினாள். அவருக்குப் புரிந்துவிட்டது. கூட்டாத படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"குடுத்துடுங்கம்மா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வேற நல்லதா ஒண்ணு தர்றேன். இப்பதான் காய்ச்சியிருக்கோம். ஆறக் கொஞ்ச நாள் ஆகும். பொறுத்துக்குவீங்களா?"

"ஆகட்டும், ஆகட்டும்," என்றது அந்தக் குரல். "பீரோவுல அந்த இடத்தை அப்படியே விட்டு வைக்கறேன்."